வானத்துக்கு நேராகப் பிடித்த குப்பி

என் சித்தி நாற்பத்தாறு வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், "என்ன தைரியம் பாரு!" என்றார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. பொம்பளைக்குத் தைரியம் என்று சொல்கிறவர்கள், அது ஒரு பிடி குறைந்தது போலத் தெரிந்தால் உடனே பயம் என்று எழுதிவிடத் தயாராக இருப்பவர்கள். எழுதியும்விட்டார்கள். அந்த ஒரு சொல்லை அடிக்க வைப்பதற்குள் அவள் எதை இழந்தாள் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சித்திக்கு வேலை மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். இருபத்திரண்டு வருடம். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை, குழல் விளக்கு, கை நீட்டி உட்கார ஒரு நாற்காலி. வருகிறவர்கள் அவளை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு டாக்டர் எங்கே என்று கேட்பார்கள். அவளும் திருத்த மாட்டாள். "கைய மடக்கி வைங்க, பஞ்ச எடுக்காதீங்க" என்பதற்குமேல் அங்கே அவள் பேசி நான் கேட்டதில்லை.

பறக்கும் ஆசை வந்ததும் அந்த நாற்காலியிலிருந்துதான். நகரத்துக்கு வெளியே இருக்கும் விமானப் பயிற்சி கிளப்பின் மாணவர்கள் உடல்தகுதிச் சான்றிதழுக்காக அவளிடம் ரத்தம் கொடுக்க வருவார்கள். இருபது வயதுப் பையன்கள். உட்காரும்போது பெரிய பேச்சு. ஊசியை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருத்தன் மயக்கமே போட்டுவிட்டானாம்.

"என் ஊசிக்குக் கண்ண மூடிக்கிறவனெல்லாம் பறக்குறான். நான் ஏன் பறக்கக் கூடாது?" என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டிருக்கிறாள்.

சித்தப்பா சிரிக்காமல், "முதல்ல ஸ்கூட்டர ஒழுங்கா ஸ்டாண்டு போடு" என்றிருக்கிறார்.

நான் எட்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் பயிற்சியில் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு வேலை கிடைக்கவில்லை. "சும்மாதானே இருக்க, காரையாவது ஓட்டு" என்றார் சித்தப்பா. அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஐந்தரை மணிக்கு அவளை அங்கே கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒரு தகரக் கொட்டகை, இரண்டு சின்ன விமானங்கள், ஒரு அலுவலக அறை. அந்த அறையின் சுவரில் கொட்டை எழுத்தில், "பயத்தை வெல்லுங்கள், வானம் உங்களுடையது" என்று எழுதியிருந்தது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு இருபத்தெட்டு வயது. சித்தி அவரைச் சின்ன சார் என்பாள். அவருக்கு மேலே தலைமைப் பயிற்சியாளர். எல்லாருக்கும் அவர் கேப்டன். எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. கொட்டகைக்குள் வந்தாலும் கழற்ற மாட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் சித்தி பேசிக்கொண்டே வருவாள். அடித்தளத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் காரில் கொட்டுவது போல இருக்கும்.

"வேகம் குறைஞ்சா வண்டி மூக்கக் கீழ போடும்டி. அப்போ கை என்ன செய்யும் தெரியுமா? ஐயோன்னு ஓட்டுற பிடிய இழுக்கும். இழுத்தா இன்னும் விழும். முன்னாடி தள்ளணும். தரையப் பாத்துத் தள்ளணும். எனக்கு அது வர நாலு மாசம் ஆச்சு."

இன்னொரு நாள்: "அங்க ஒரு நல்ல பழக்கம். யாரு கையில ஓட்டம் இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லணும். அவரு 'உங்ககிட்ட'ன்னு சொல்லணும், நான் 'என்கிட்ட'ன்னு சொல்லணும், அவரு மறுபடி 'உங்ககிட்ட'ன்னு சொல்லணும். அதுக்கப்புறம் அவரு கைய வைக்கக் கூடாது. நம்ம வீட்ல அப்படி ஒரு நாளாவது நடந்திருக்கா? நான் சமைச்சுட்டே இருப்பேன், உங்க சித்தப்பா பின்னாடி வந்து அடுப்பக் குறைச்சிட்டுப் போவாரு."

அடுத்த முறை அவர் அடுப்பில் கை வைத்தபோது சித்தி கரண்டியை அவரிடம் நீட்டி, "உங்ககிட்ட" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாளாம். குழம்பு தீய்ந்தது. அதற்குப் பிறகு அவர் அடுப்புப் பக்கம் போகவில்லை.

இவையெல்லாம் நல்ல பாடங்கள்தான். விமானம் ஓட்டக் கற்றால் வாழ்க்கை புரியும் என்று சொல்கிறவர்கள் இவற்றைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கிளப்பில் அவள் கற்ற பெரிய பாடம் தரையில் நடந்தது.

அன்று அவள் முதல்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டிய நாள். பக்கத்தில் யாரும் இல்லாமல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்க வேண்டும். மாணவர்கள் எல்லாரும் காத்திருப்பது அதற்குத்தான். சித்திக்கு அதில் ஒரு அவசரமும் இருந்தது. அவள் கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. "அடுத்த தடவை உங்களுக்குச் சான்றிதழ் தர முடியுமான்னு சொல்ல முடியாது" என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். கையில் இருந்த சான்றிதழ் முடிய மூன்று வாரம் இருந்தது. அதற்குள் பறந்தால் உண்டு.

அந்த வாரம் நான்கு நாள் மழை. விமானம் வெளியில் நின்றிருந்தது. கிளம்பும் முன் செய்ய வேண்டிய சோதனைகளில் ஒன்று, இறக்கைக்கு அடியில் இருக்கும் ஒரு சின்ன வால்வைக் கண்ணாடிக் குப்பியால் அழுத்திக் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்துப் பார்ப்பது. டாங்கில் தண்ணீர் புகுந்திருந்தால் அது அடியில் தங்கியிருக்கும், குப்பிக்குள் முதலில் வரும். விமான பெட்ரோலுக்கு வெளிர்நீல நிறம் சேர்த்திருப்பார்கள். தண்ணீரும் பெட்ரோலும் கலந்து வந்தால் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைத்தான் எல்லாரும் தேடுவார்கள்.

சித்தி இடது இறக்கையிலிருந்து பிடித்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்துக் குப்பிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். பரிசோதனைக் கூடத்தில் அப்படிப் பார்த்துப் பழகிய கை. முகர்ந்தாள். ஒரு சொட்டை விரலில் தேய்த்தாள்.

"சார், இது தண்ணி."

சின்ன சார் குப்பியை வாங்கி வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "நீலமா இருக்கே மேடம். கோடே இல்ல."

"கோடு எப்படி இருக்கும்? மொத்தமும் தண்ணி. நீலமா இருக்குறது வானம் சார், பெட்ரோல் இல்ல."

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. நான்கு நாள் மழைக்குப் பிறகு கழுவிவிட்டது போல நீல வானம். அதற்கு நேராக எதைப் பிடித்தாலும் நீலமாகத்தான் தெரியும். ஆனால் சின்ன சாருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள நேரம் இல்லை. அலுவலக வாசலில் கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இன்னும் மூன்று மாணவர்கள் வரிசையில் இருந்தார்கள். சின்ன சார் கையை அசைத்துக் கேப்டனைக் கூப்பிட்டார்.

கேப்டன் வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு. குப்பியை வாங்கினார். அவரும் வானத்துக்கு நேராகத் தூக்கினார். "முப்பது வருஷமா பாக்குறேன். நல்ல பெட்ரோல்" என்று சொல்லிக் குப்பியைக் கவிழ்த்தார். தரையில் விழுந்து தெறித்தது.

"கேப்டன், பெட்ரோலா இருந்தா ஒரு நிமிஷத்துல காஞ்சிடும். கொஞ்சம் நின்னு பாருங்க" என்றாள் சித்தி.

அவர் நிற்கவில்லை. அவள் தோளருகே குனிந்து, குழந்தையிடம் பேசுவது போலக் குரலை இறக்கினார். "மேடம், பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. அதுல வெக்கமே இல்ல. இந்த வயசுல இவ்வளவு தூரம் வந்ததே பெருசு."

 தரையில் அந்தத் தண்ணீர் அப்படியே கிடந்தது. மூன்று பேருக்கு நடுவில், எல்லார் கண்ணுக்கும் முன்னால். அதைக் குனிந்து பார்க்க மனமில்லாத ஆள், பார்த்தவளுக்குப் பயம் என்கிறார்.

சித்தி, "நான் இந்த வண்டியில போகல" என்றாள்.

"சரி. ஒதுங்கிக்குங்க. அடுத்தவன் போகட்டும்" என்றார் கேப்டன்.

அப்போதுதான் சித்தி அந்தக் காரியத்தைச் செய்தாள். விமானத்தின் சாவி அவள் கையில் இருந்தது. அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சாவியக் குடுங்க."

"மெக்கானிக் வரட்டும்."

"இன்னிக்கு அவருக்கு லீவு."

"அப்போ வண்டிக்கும் லீவு."

வரிசையில் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். கேப்டனின் காது சிவந்தது. சித்தி கொட்டகை ஓரத்து பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேருந்து வரும் வரை உட்காரப்போகிறவள் போல. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சித்தி, போலீஸ கூப்பிட்டா?" என்றேன். "கூப்பிடட்டும். அவங்களுக்காவது மூக்கு இருக்கும்" என்றாள்.

நான்தான் மெக்கானிக்கின் வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தேன். பாதிச் சவரத்தில் இருந்தவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். விஷயத்தைச் சொன்னதும், "டாங்கு மூடி ரப்பர் போயிடுச்சு, மாத்தணும்னு ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேம்மா" என்று மட்டும் சொன்னார். வந்தவர் இறக்கைக்குக் கீழே ஒரு பாட்டிலை வைத்து வடித்தார். ஒரு பாட்டில் நிறைந்தது. இரண்டாவதில் பாதி வந்த பிறகுதான் பெட்ரோல் வாடை வந்தது. அத்தனையும் தண்ணீர்.

"அக்கா, இதோட ஏறியிருந்தா மேல போய் எஞ்சின் நின்னிருக்கும்" என்றார் சித்தியிடம்.

"தெரியும் தம்பி" என்று சித்தி சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். நியாயம் என்று ஒன்று இருந்தால் கேப்டன் வந்து, "தப்பு என்னுது" என்று சொல்லியிருப்பார். அவர் பாட்டிலைப் பார்த்தார். "மழையில அப்படி ஆகும்" என்றார். அறைக்குள் போய்ச் சித்தியின் கோப்பில் இரண்டு வரி எழுதினார். மாணவிக்குத் தனியாகப் பறக்கப் பயம், சாக்குத் தேடுகிறார் என்று ஒன்று. விமானத்தின் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு பயிற்சியைத் தடுத்ததால் மறு உத்தரவு வரும்வரை இடைநீக்கம் என்று இன்னொன்று.

தண்ணீரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் ஒரு வழியும் சொன்னார். அன்று பதற்றத்தில் அப்படி நடந்துகொண்டேன், வருந்துகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தனியாகப் பறக்க விடுவாராம்.

வீட்டில் சண்டை வந்தது.

"ஒரு வரிதானே? எழுதிக் குடுத்துட்டுப் பறந்துட்டு வா. யாரு அதப் படிக்கப் போறா?" என்றார் சித்தப்பா. அவர் கெட்டவர் இல்லை. அவள் பறக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை வந்திருந்தது. அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"நான் படிப்பேன்" என்றாள் சித்தி.

"பிடிவாதம் பிடிச்சா நஷ்டம் உனக்குத்தான்."

"இருபத்திரண்டு வருஷமா என் கையெழுத்துப் போட்ட காகிதத்துல பொய் இல்ல. ஒருத்தருக்கு சர்க்கரை இருக்குன்னா இருக்கு, இல்லன்னா இல்ல. அவங்க மனசு கஷ்டப்படும்னு மாத்தி எழுத முடியுமா?"

"இது சர்க்கரை இல்லம்மா, இது பயம்."

"அதுவும் இல்லாதப்போ இல்லதான்."

நானும் முதலில் சித்தப்பா பக்கம்தான் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன். எட்டு வருடம் வெளியில் அலைந்ததில் விசாவுக்கும் வாடகை அறைக்கும் நான் கையெழுத்துப் போட்ட பொய்கள் கொஞ்சமல்ல. ஒரு பொய்யைக் கொடுத்து ஒரு வானத்தை வாங்கிக்கொள்வதில் என்ன தவறு என்று கேட்டேன். சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த வரி இருந்தா நாளைக்கு வேற எவளாவது தண்ணின்னு சொல்லுவா. போன வருஷமும் ஒரு அம்மா இப்படித்தான் பயந்தாங்கன்னு சொல்லுவாங்க. குப்பியக்கூட வாங்கிப் பாக்க மாட்டாங்கடி."

நான் என் பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

அவள் ஒரு கடிதம் எழுதத்தான் எழுதினாள். கேப்டன் கேட்டதை அல்ல. எந்த நேரம், எந்த இறக்கை, எவ்வளவு, நிறம், வாடை, தரையில் எத்தனை நிமிடம் காயாமல் இருந்தது என்று பரிசோதனை முடிவு எழுதுவது போல ஒரு பக்கம். கீழே மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். வேலை போய்விடும் என்று அவர் மனைவி அழுததாகப் பிறகு கேள்விப்பட்டோம். கேப்டனிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு வாரம் போனது. இரண்டாவதும் போனது.

பதினேழாம் நாள் மதியம் நான் சித்திக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனபோது, அவள் நாற்காலியில் சின்ன சார் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய சான்றிதழையும் புதுப்பிக்க வேண்டுமாம். வேறு எங்கும் போக வழியில்லை. அந்த ஊரில் அதற்கு அந்த ஒரு கூடம்தான்.

சித்தி ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டினாள். "விரல மடக்குங்க."

"மேடம்…"

"பேசாதீங்க, நரம்பு நழுவும்."

ஊசி ஏறியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். குழாய் நிறைவதைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நானும் வானத்துக்கு நேராத்தான் பிடிச்சேன். நாலு வருஷமா அப்படித்தான் பாக்குறேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க" என்றார்.

"இப்போ?"

"இப்போ வெள்ளைக் காகிதம் வச்சுப் பாக்குறேன். கேப்டனுக்குத் தெரியாம."

"அத அப்படியே எழுதிக் குடுங்க."

 சித்தி பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டினாள். அடுத்தவரைக் கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்தி, "நீங்க எழுதலன்னாலும் உங்க ரிசல்ட்டு நாளைக்கு நாலு மணிக்கு வந்துடும். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல" என்றாள்.

அவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். பஞ்சை வைத்த கையை மடக்கிக்கொண்டு, மறு கையால் என் பேனாவை வாங்கி, அங்கே மேசை ஓரத்திலேயே நின்று எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனால் எல்லாம் இருந்தது. குப்பி, வானம், கறுப்புக் கண்ணாடி, தரையில் காயாத தண்ணீர்.

இரண்டு பேர் எழுதிக் கொடுத்த பிறகு கேப்டனால் பேசாமல் இருக்க முடியவில்லை. மேலிடத்துக்குப் போய்விடுமோ என்ற கவலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இடைநீக்கத்தை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். சித்தியின் சான்றிதழுக்கு அதுதான் கடைசி நாள்.

ஆறு மணிக்கே போய்விட்டோம். ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில் காற்றின் வேகமும் திசையும் காட்டக் கட்டியிருந்த துணிப்பை தொங்கிக்கிடந்தது. பொட்டுக் காற்று இல்லை. சின்ன சார் விமானத்தை வெளியே இழுத்து வைத்திருந்தார். சித்தி சோதனைகளை முடித்துவிட்டு, குப்பியை வெள்ளை அட்டைக்கு முன் வைத்து அவரிடம் காட்டினாள். "பெட்ரோல்" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் இடைநீக்கத்தை எடுக்கக் கேப்டன் கையெழுத்து வேண்டும். கேப்டன் வரவில்லை.

ஏழு ஆயிற்று. எட்டு. ஒன்பதுக்குத் துணிப்பை லேசாகத் தலை தூக்கியது.

பத்து மணிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அல்லவா, மெதுவாக எழுந்தாராம். அறைக்குள் கோப்பைத் திறந்தார். பயம் என்ற வரியின் மேல் வெள்ளைத் திரவம் பூசப் போனார். சித்தி தடுத்தாள். "பூசாதீங்க. குறுக்க ஒரு கோடு போடுங்க. கீழ இருக்குறது தெரியணும். பக்கத்துல என்ன நடந்ததுன்னு எழுதி, உங்க கையெழுத்தும் இன்னிக்குத் தேதியும் போடுங்க. எங்க இடத்துல அப்படித்தான் திருத்துவோம்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். இடது டாங்கில் தண்ணீர் இருந்தது, மாணவி சரியாகக் கண்டுபிடித்தார். அத்தனைதான். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தபோது துணிப்பை கம்பத்துக்குக் குறுக்கே விறைத்து நின்றது. காற்று ஓடுபாதையைப் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டிருந்தது. முதல்முறை தனியாகப் போகும் மாணவருக்கு அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது. மாலை வரை காத்திருந்தோம். ஐந்து மணிக்கும் குறையவில்லை.

"பரவால்ல, போயிட்டு வாங்க மேடம். நான் அனுமதி தர்றேன். உங்க திறமைக்கு இந்தக் காத்தெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் கேப்டன். மூன்று வாரம் முன்பு பயம் என்றவர்.

சித்தி துணிப்பையைப் பார்த்தாள். விமானத்தைப் பார்த்தாள். 

"இல்ல கேப்டன். இது என் அளவுக்கு மேல."

"இன்னிக்கு விட்டா சான்றிதழ் முடிஞ்சிடும்."

"தெரியும்."

அவர் தோளைக் குலுக்கிக் கோப்பைத் திறந்தார். "பறக்காததுக்குக் காரணம் என்ன எழுதட்டும்?"

"காத்துன்னு எழுதுங்க" என்றாள் சித்தி. அவர் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் காருக்கு வந்தாள்.

அடுத்த வாரம் கண் டாக்டர், தகுதியுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஓட்டலாம் என்று எழுதிவிட்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறாள். சின்ன சார் கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவள்தான் ஏற்றுகிறாள், இறக்குகிறாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்கிறாள், நானும் நம்புகிறேன். கிளப்பில் குப்பிகளுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு வெள்ளைப் பலகை வைத்திருக்கிறார்கள். புதிய மாணவர்களிடம் அதைக் காட்டி, பாதுகாப்பில் நான் ரொம்பக் கறார் என்று கேப்டன் சொல்வதை என் காதால் கேட்டேன்.

யார் மீதும் கோபம் இல்லை என்கிறாள் சித்தி. எனக்கு இருக்கிறது. அவள் இடைநீக்கத்தில் இருந்த அந்த மூன்று வாரமும் காலை ஆறு மணிக்கு நான் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். பதினான்கு நாள் ஒரு இலைகூட அசையவில்லை.